எம்-1 அரியரும் ஒரு கழித்தல் குறியும்

அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) முதலாண்டு படிக்கும் மாணவர் எழுதியிருக்கிறார். ஒன்பது பக்கக் கடிதம். கூடவே எம்-1 விடைத்தாள் நகலின் நான்கு பக்கங்கள். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றிவிட்டேன்.

கடிதத்தின் சாரம் இது. அரசுப் பள்ளி, தமிழ்வழி. 2024இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார், கணக்கில் 71. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். முதல் பருவத்தில் மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டன. எம்-1 என்று எல்லோரும் சொல்லும் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ மட்டும் அரியர். நகல் வாங்கிப் பார்த்ததில் நூற்றுக்கு 38. அகமதிப்பீட்டில் 40க்கு 24 இருக்கிறது. இரண்டாம் பருவத்தின் எம்-2 (புள்ளியியலும் எண்ணியல் முறைகளும்) உள்தேர்வில் மட்டும் எப்படியோ 61 வந்திருக்கிறது. “அது கால்குலேட்டர் போட்ட மார்க் மேடம், என் மார்க் இல்லை” என்கிறார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வகுப்பில் ஓர் ஆசிரியர், “கோட்டாவுல வந்தா இப்படித்தான்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பிறகு கணக்கு வகுப்புக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். விடுதிக்கு வெளியே ஒரு கோச்சிங் சென்டர், 9,000 ரூபாய் கட்டினால் முப்பது முக்கிய வினாக்களில் தேற வைப்பதாகச் சொல்கிறதாம். இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜூன் மாதம் கலைக் கல்லூரியில் பி.ஏ. சேரலாமா, அல்லது மாமாவின் மோட்டார் காயில் கட்டும் கடையிலேயே உட்கார்ந்துவிடலாமா என்ற யோசனை. “எனக்குக் கணக்கு மூளையே இல்லைன்னு இப்பதான் தெரியுது மேடம். சில நாள் ராத்திரி, இருந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுது” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த எண்ணம் வரும் ராத்திரிகளில் அறையில் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து அறை நண்பனை எழுப்பினால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், 104லும் பேசலாம். அரியருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கும் தெரியாமல், வகுப்பிலும் தலை காட்ட முடியாமல் மூன்று மாதம் ஒரே ஆளாகச் சுமந்திருக்கிறீர்கள். எம்-1ஐவிட அந்தச் சுமைதான் பெரிது.

இனி கணக்குக்கு வருவோம். முப்பத்தோரு வருடம் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுத்தவள் நான். கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். விடைத்தாளை மூன்று முறை படித்தேன். அதில் நான் பார்த்த மாணவர் வேறு ஆள்.

விடைத்தாள் என்ன சொல்கிறது

11ஆம் கேள்வி, ஐகன் மதிப்புகள், அதாவது ஓர் அணிக்கு (மேட்ரிக்ஸ்) உரிய சிறப்பு எண்கள். அணியின் வரிசைகள் 1, 1, 3. 1, 5, 1. 3, 1, 1. எங்கள் தலைமுறையிலிருந்து கரும்பலகையில் தேய்ந்துகொண்டிருக்கும் கணக்கு. மூலைவிட்டக் கூட்டல் 7, சரி. மூலைவிட்டச் சிற்றணிக்கோவைகளின் கூட்டல் பூஜ்யம், அதுவும் சரி. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள், நீங்கள் விழவில்லை. அடுத்து அணிக்கோவை:

1(5−1) − 1(1−3) + 3(1−15)

இதை 4 − 2 − 42 என்று எழுதி, −40 என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில் இருப்பதை மறுபடி பாருங்கள். 1−3 என்பது −2. அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கழித்தல் நிற்கிறது. ஆக அது +2. மொத்தம் 4 + 2 − 42, அதாவது −36.

−36 வந்திருந்தால் சிறப்புச் சமன்பாட்டின் மூலங்கள், அதாவது ஐகன் மதிப்புகள், −2, 3, 6 என்று முழு எண்களாக விழுந்திருக்கும். −40ஐ வைத்துக்கொண்டு 991 கால்குலேட்டரில் போட்டதும் −2.1, 3.28, 5.82 என்று வந்திருக்கிறது. தாளின் ஓரத்தில் பென்சிலால் அவற்றை எழுதி, அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஐகன் வெக்டர் கண்டுபிடிக்கத் தெரியாத ஆள் விட்ட இடம் மாதிரி அது தெரியவில்லை. விடை அசிங்கமாக வந்ததும், “நமக்கு வராது” என்று எழுந்துபோன ஆளுடைய இடம். அதே கால்குலேட்டரின் மேட்ரிக்ஸ் மோடில் அணிக்கோவையைப் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் −36 என்று காட்டியிருக்கும். இந்தப் பாணிக் கணக்கில் தசமம் வந்தால் பேனாவை மூடாதீர்கள், முதலில் குறிகளைத் திரும்பிப் பாருங்கள். 8க்கு 3 கிடைத்திருக்கிறது.

அடுத்தது அதே கேள்வியின் இரண்டாம் பகுதி: ‘வெரிஃபை கேலி-ஹாமில்டன் தியரம் அண்ட் ஹென்ஸ் ஃபைண்ட் த இன்வர்ஸ்’. தேற்றத்தைச் சரியாகச் சரிபார்த்துவிட்டு, நேர்மாறு அணியைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சேர்ப்பு அணி முறையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். விடை மிகச் சரி. ஆனால் 8க்கு 5தான். காரணம் ‘ஹென்ஸ்’ என்ற ஒரு சொல். ‘இதைக் கொண்டே’ கண்டுபிடி என்று அர்த்தம். வேறு வழியில் சரியாகப் போட்டாலும் அந்த மதிப்பெண் கிடையாது. மறுமதிப்பீட்டுக்கு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், திருத்தியவர் நியாயமாகத்தான் போட்டிருக்கிறார்.

இந்த ஒரு கேள்வியில் மட்டும் போனது 8 மதிப்பெண். இப்போது கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அகம் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். அகத்தில் 24 வைத்திருக்கும் நீங்கள் தேர்வில் நூற்றுக்கு 45 எடுத்தாலே 27 ஆகி, மொத்தம் 51க்கு வந்துவிடுவீர்கள். எடுத்தது 38. தேர்ச்சிக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தது 7 மதிப்பெண். ஒரு கழித்தல் குறியும் ஒரு ‘ஹென்ஸ்’உம் சேர்ந்தால் அதைவிட அதிகம். (அடுத்த முயற்சியிலும் அந்த 24 அப்படியே நிற்கிறதா என்பதைத் தேர்வுப் பிரிவில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை.)

எம்-2 மதிப்பெண் உங்களுடையது இல்லை என்றீர்கள். எனக்கு அது நல்ல தடயமாகப் படுகிறது. புள்ளியியலில் எந்தச் சோதனையைப் போட வேண்டும், எதை எதில் பிரதியிட வேண்டும் என்று முடிவு செய்வது மாணவர். கூட்டல் கழித்தல் பார்ப்பது கருவி. அந்தப் பிரிவினை இருக்கும் இடத்தில் 61 எடுக்கிறீர்கள். கையால் குறி பார்க்க வேண்டிய இடத்தில் 38. மூளை இல்லாதவருக்கு இந்த வித்தியாசம் வராது.

நான்காவது யூனிட்டிலும் இதே கதைதான். வர்க்கப் பூர்த்தி செய்ய வேண்டிய இடத்தில், கூட்டுத்தொகையின் வர்க்கத்தை வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதியிருக்கிறீர்கள். 3ஐயும் 4ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25. எண்ணில் கேட்டால் ஒருநாளும் தப்பு செய்ய மாட்டீர்கள். எழுத்துகள் வந்ததும் கை பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிறது.

அப்படியென்றால் அந்த 71?

பொய் மதிப்பெண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் அது எதை அளந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் 10 மதிப்பெண் அகமதிப்பீடு, 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்கள். ஆக 30 மதிப்பெண்ணுக்கு வரிவரியாகச் செய்து காட்டும் வேலையே இல்லை. மீதியில் வினாவை விட்டுத் தேர்வு செய்ய இடமுண்டு. புத்தகத்துக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவருக்கு நன்றாகவே வரும். நீங்கள் உழைத்தீர்கள், வந்தது. எம்-1இல் ஒரே கணக்கு இரண்டு பக்கம் ஓடும். மூன்றாவது வரியில் விட்ட குறி கடைசி வரி வரைக்கும் கூடவே வந்து கழுத்தைப் பிடிக்கும்.

குறி விட்டுப்போகும் பழக்கம் எங்கிருந்து வந்தது? உங்கள் வருடங்களை எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நீங்கள் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் கல்வித் தொலைக்காட்சியும் அம்மாவின் போனும்தான். 2021 பிப்ரவரியில் பள்ளி திறந்து, ஒன்றரை மாதம்கூட முழுதாக நடக்காமல் மறுபடி மூடினார்கள். அதற்குள் எல்லோருக்கும் தேர்ச்சி என்றும் அறிவித்தாயிற்று. இயற்கணிதம் கையில் ஊறும் வயது அது. காரணிப்படுத்துவது, குறிகளைக் கொண்டு போவது, பின்னங்களை ஒன்றாக்குவது எல்லாம் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று, “டேய், அங்க மைனஸ் எங்க?” என்று நூறு முறை கேட்டு வர வேண்டியவை. அந்த நூறு முறை உங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். நீங்கள் அப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் நின்றவர்கள் உங்கள் பேட்ச்.

தமிழ்வழியில் படித்ததுதான் காரணம் என்கிறீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘ஹென்ஸ்’ விஷயத்தில் மொழி உங்களைக் கவிழ்த்தது உண்மை. ஆனால் கழித்தல் குறிக்குத் தமிழ்வழி, ஆங்கிலவழி கிடையாது. ஆங்கில வழியில் வந்து இதே தப்பைச் செய்தவர்களின் தாள்களை மூட்டை மூட்டையாகத் திருத்தியிருக்கிறேன். தவிர, நீங்கள் நினைப்பதைவிட அதிகம் கையோடு வந்திருக்கிறீர்கள். அணித்தரம், நேர்மாறு, காஸ்ஸியன் நீக்கல், பகுதி வகைக்கெழு எல்லாம் உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பவை. ‘ரேங்க்’ என்றதும் புதிதாக ஏதோ வருகிறது என்று பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அணித்தரம்தான் தம்பி.

மாமா கடையில் மோட்டார் ஓடவில்லை என்று யாராவது கொண்டுவந்தால், எடுத்த எடுப்பில் காயில் முழுவதையும் பிரித்துப் போடுவாரா? சீரீஸ் பல்பை வைத்து எங்கே விட்டிருக்கிறது என்று பார்ப்பார். எரிந்துபோயிருந்தால்தான் புதிதாகக் கட்டுவார். உங்களுக்கு எரியவில்லை. நாலைந்து இடத்தில் இணைப்பு விட்டிருக்கிறது.

விடுவதா, தொடர்வதா

விடுவது அவமானம் என்று நான் சொல்ல மாட்டேன். மின்சாரமே பிடிக்காமல், யாரோ சொல்லிச் சேர்ந்திருந்தால், முதலாண்டிலேயே மாறுவது புத்திசாலித்தனம். ஆனால் நீங்கள் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க, ஒரு த்ரீ-ஃபேஸ் மோட்டாரைப் பிரித்து, ஸ்லாட் எண்ணிக் காயில் இறக்கியதை எழுதியிருக்கிறீர்கள். படிப்பில் பிடிப்பு இல்லாதவர் அதை அவ்வளவு ஆசையாக எழுத மாட்டார். ஒரு தாளின் பயத்தில் துறையையே மாற்றும் முடிவை அரியர் தேர்வு எழுதி முடிக்கும் வரை தள்ளிவையுங்கள் என்பதே என் ஆலோசனை.

விட்டால் நாலு வருடக் கட்டணத்தையும் கட்டச் சொல்வார்கள், சான்றிதழ்களைத் தர மாட்டார்கள் என்று சீனியர் சொன்னது தவறு. இடையில் விலகுபவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணம் கேட்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே அறிவித்திருக்கிறது. ஆனால் விலகுவது என்று பின்னால் முடிவெடுத்தாலும், புதுப் படிப்புக்கு 7.5 ஒதுக்கீட்டுச் சலுகை மறுபடி பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இருக்கும் இடத்தின் மதிப்பு பெரிது.

தொடர்ந்தால் என்ன ஆகும்? ஓர் அரியரால் இரண்டாம் ஆண்டுக்குப் போவது நிற்காது. முதல் வகுப்பும் போய்விடாது: ஐந்து ஆண்டுக்குள் எல்லாம் தேறி, சி.ஜி.பி.ஏ. 6.5 இருந்தால் முதல் வகுப்புதான். எல்லாத் தாளும் முதல் முயற்சியிலேயே தேற வேண்டிய டிஸ்டிங்ஷன் மட்டும் இனி இல்லை. கேம்பஸில் பெரும்பாலான கம்பெனிகள் கேட்பது, அப்போது கையில் நிலுவை இருக்கிறதா என்பதைத்தான். பழைய அரியரையே கேட்கும் கம்பெனிகளும் உண்டு, மறைக்கவில்லை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எம்-1ஐக் கிடப்பில் போட்டுவிட்டால் மூன்றாம் பருவக் கணிதமும் சர்க்யூட் தாளும் அதே ஓட்டையில் விழும். சர்க்யூட் தாளில் வரும் மெஷ் அனாலிசிஸ் என்பது ஒருங்கமைச் சமன்பாடுகள்தான்; அங்கேயும் இரண்டு கழித்தல் குறிகள் எதிரெதிரே வந்து நிற்கும். அப்போது ஒன்று மூன்றாகிவிடும்.

கோச்சிங் சென்டர் பற்றி. 9,000 ரூபாய் என்பது உங்களுக்கு வரும் ‘தமிழ்ப் புதல்வன்’ உதவித்தொகையில் ஒன்பது மாதம். அவர்கள் கொடுக்கும் முப்பது வினாவும் முந்தைய வருட வினாத்தாள்களில் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். பிரச்சினை அதுகூட இல்லை. 11ஆம் கேள்வி உங்களுக்குத் தெரிந்த முக்கிய வினாதானே? அதில்தானே விழுந்தீர்கள்?

இருக்கும் பத்து வாரம்

முதல் வாரம் எம்-1 புத்தகத்தைத் தொடாதீர்கள். பாடநூல் கழகத் தளத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன, போனில் இறக்கிக்கொள்ளுங்கள். குறிகள், பின்னம், அடுக்குக்குறி, முற்றொருமை, காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, நேர்கோட்டு வரைபடம், முக்கோணவியல் விகிதம், இப்படி எட்டுத் தலைப்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து கணக்கு. நாற்பதையும் கால்குலேட்டர் இல்லாமல் போட்டு, மதிப்பெண் போடாமல், எந்த வரியில் தப்பு என்பதை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். பார்த்து அசந்துபோவீர்கள். நாற்பது வகைத் தப்பு இருக்காது. நாலோ ஐந்தோதான் திரும்பத் திரும்ப வரும். கல்லூரிப் பையன் எட்டாம் வகுப்புப் புத்தகம் வைத்திருக்கிறானே என்று அறையில் யாராவது சிரித்தால், அவருக்கும் பத்துக் கணக்கு கொடுத்துப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

அடுத்த மூன்று வாரம் தினமும் முக்கால் மணி நேரம் அந்த நாலைந்து தப்புக்கு மட்டும். அரியருக்கான நேரம் தனி. எம்-1 முழுவதையும் தலைகீழாகப் படிக்க வேண்டியதில்லை. மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியல் கால்குலஸ், பல மாறிகளின் சார்புகள் என்று முதல் மூன்று யூனிட்டைக் கெட்டியாகப் பிடியுங்கள். அதில் ஒவ்வொன்றிலும் 16க்கு 12, இரண்டு மதிப்பெண் பகுதியில் 20க்கு 10 வந்தாலே 46. குறி 60க்கு வையுங்கள், 45 தானாக வரும். இரட்டைத் தொகையிடலைக் கடைசி மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி வேலை படம் வரைவது, வரைபடம் சரியானால் அதுவும் பணியும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், வலப்பக்கம் கல்லூரிச் சொல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். சார்பு, ஃபங்ஷன். எல்லை, லிமிட். வகைக்கெழு, டெரிவேட்டிவ். அதன் கடைசிப் பக்கத்தில் வினாக்களில் வரும் ஏவல் சொற்கள்: எவாலுவேட், ரெட்யூஸ், வெரிஃபை, டிடியூஸ், ஹென்ஸ். மொத்தம் பதினைந்து தேறாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். தனியாகப் படிக்காதீர்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வம் இல்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது என்றார்கள். கேட்ட குரல் மாதிரி இருக்கிறதா? அவர் கறுப்பின மாணவர் இருபது பேர், சீன வம்சாவளி மாணவர் இருபது பேரின் கூடவே திரிந்து, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். முன்னவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக, கதவை மூடிக்கொண்டு படித்தார்கள். மற்றவர்கள் தனியாகப் போட்டுவிட்டு, ராத்திரி கூடி உட்கார்ந்து ஒருவர் நோட்டை இன்னொருவர் திருத்தினார்கள். எது எல்லோருக்கும் கஷ்டம், எது தனக்கு மட்டும் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ட்ரீஸ்மன் அதற்குப் பிறகு, பலவீனமானவர்களுக்கான வகுப்பு என்று பெயர் வைக்காமல், கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் பட்டறைகளை ஆரம்பித்தார். தேர்ச்சி ஏறியது. உங்கள் வகுப்பில் எம்-1 போனவர்கள் பத்தொன்பது பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பேரைப் பிடியுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் குறியை இன்னொருவர் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மைனஸ் நம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தவன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

கல்லூரியிடம் கேட்கலாம்

உங்கள் பாடத்திட்டத்தில் எம்-1க்கு நேரே 3, 1, 0, 4 என்று நான்கு எண்கள் இருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. வாரத்துக்கு மூன்று மணி விரிவுரை, ஒரு மணி ட்யூட்டோரியல் என்று அதற்கு அர்த்தம். ட்யூட்டோரியல் என்றால் மாணவர் கணக்குப் போட, ஆசிரியர் நடந்து வந்து பார்க்கும் வகுப்பு. பல கல்லூரிகளில் அதுவும் விரிவுரையாகவே ஓடிப்போய்விடுகிறது, போர்ஷன் முடிக்க வேண்டுமே. அரியர் மாணவர்களுக்கு வாரம் ஒரு ட்யூட்டோரியல் கேட்டுப் பத்தொன்பது பேரும் கையெழுத்திட்டு, உங்கள் மென்டர் வழியாகத் துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, “எனக்கு மேட்ரிக்ஸே புரியல மேம்” என்று போகாதீர்கள். நாங்களும் எங்கே தொடங்குவது என்று முழிப்போம். பாதியில் நின்ற உங்கள் கணக்கைக் காட்டி, “இந்த வரிக்கு அடுத்தது தப்பாகிறது” என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

வகுப்பில் அந்த ஆசிரியர் சொன்ன ‘கோட்டா’ என்ற சொல். 7.5 சதவீத ஒதுக்கீடு யார் வீட்டுப் பிச்சையும் இல்லை. நீதியரசர் முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் 2021இல் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அது. உங்களைப் போன்ற அரசுப் பள்ளி மாணவர்களோடு போட்டியிட்டுக் கட்-ஆஃப் எடுத்துத்தான் அந்த இடத்தை வாங்கினீர்கள். மறுபடி அப்படிப் பேசினால் தேதியும் சொன்னதும் குறித்துவைத்து, கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதலாம். யு.ஜி.சி.யின் 2023 விதிகளின்படி அந்தக் குழு கட்டாயம் இருக்க வேண்டும்; புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் பரிந்துரையோடு அறிக்கை தர வேண்டும். உடனே எழுத வேண்டும் என்று தள்ளவில்லை, முதலாண்டு மாணவனுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். முதலில் மென்டரிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் அவர் சொன்னதற்காக வகுப்பை விடாதீர்கள். 75 சதவீத வருகை இல்லாமல் போனால், அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், தேர்வு எழுத முடியாமல் நிற்பது நீங்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. என் முதல் பத்து வருடம், கரும்பலகையில் ஒரு வரியைத் தாண்டும்போதெல்லாம், “இது ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் போவேன். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேர் பேனாவை மூடினார்கள் என்பது, பிறகு ஒரு மாணவி என் முகத்துக்கு நேராகச் சொன்னபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து முதல் வகுப்பில் சிலபஸைத் திறக்காமல் நாற்பது பள்ளிக் கணக்கு கொடுக்க ஆரம்பித்தேன். மேலே தம்பிக்குச் சொன்னது அதேதான்.

வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு ஐகன் மதிப்பு புரியாமல் போகலாம். ஒரு சுவர் தூக்குநூலுக்குக் கொஞ்சம் விலகினால் எந்த வரிசை வரைக்கும் பிரித்துக் கட்ட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். “ஒரு பேப்பர் போயிடுச்சுப்பா, ஏழு மார்க்ல. ஜூன்ல எழுதிடுவேன்” என்று சொன்னால் போதும். வேறு யார் மூலமாவது அவர் காதுக்குப் போகும் முன் நீங்கள் சொல்வது நல்லது.

இப்போது ஒரு தாளை எடுத்து, அதே 1, 1, 3. 1, 5, 1. 3, 1, 1 அணியை முதலிலிருந்து போடுங்கள். −2, 3, 6 வந்ததும் நிற்காமல், அன்றைக்கு விட்ட முக்கால் பக்கத்தையும் எழுதி ஐகன் வெக்டர் மூன்றையும் கண்டுபிடியுங்கள். போட்டோ எடுத்து இதே முகவரிக்கு அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன்.